திறப்பு விழாவுக்கு மறுநாள்: தண்ணீர், கழிப்பறைத் தொண்டு நிறுவனம் நடத்துவது பற்றிக் கேள்வி பதில்

திருச்சிக்கு மேற்கே, காவிரியின் இரண்டு கரையிலும், 22 வருடம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு நிர்வாகியாக இருந்தேன். குடிநீரும் கழிப்பறையும் மட்டும்தான் வேலை. போன வருடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். நேரம் இருக்கிறது, கேளுங்கள் என்று சொன்னேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அக்கா, சிவில் முடித்திருக்கிறேன். ஊர்ப்பக்கம் தண்ணீர், கழிப்பறை வேலைக்கு ஒரு அறக்கட்டளை ஆரம்பிக்க ஆசை. பதிவு எப்படிச் செய்வது? (கரூர்)

பதிவு பெரிய விஷயம் இல்லை தம்பி. டிரஸ்டாகப் பதியலாம், 1975ஆம் வருடத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் சங்கமாகப் பதியலாம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவிலும் பதியலாம். அப்புறம் வருமான வரி விலக்குக்கும், நன்கொடை தருகிறவர்களின் வரிச் சலுகைக்கும் பதிவு வாங்க வேண்டும், 12ஏ, 80ஜி என்று நாங்கள் சொல்லிப் பழகியவை. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணம் வேண்டுமென்றால் சிஎஸ்ஆர்-1 படிவமும் போட வேண்டும். வெளிநாட்டுப் பணம் இப்போதைக்கு வராது. அதற்கு நிறுவனம் 3 வருடமாவது நடந்திருக்க வேண்டும், 15 லட்சம் ரூபாயாவது வேலைக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இப்போதே ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே நடக்கிற ஒரு நிறுவனத்தில் 2 வருடம் களப்பணியாளராக இருங்கள். கிராமசபையில் திட்டு வாங்க வேண்டும், கொத்தனாரோடு சண்டை போட வேண்டும், மகளிர் குழு கணக்குநோட்டில் 40 ரூபாய் இடிப்பதை ராத்திரி 9 மணிக்கு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அதற்கப்புறமும் ஆசை இருந்தால் பதிவு செய்யலாம்.

எங்கள் ஊரில் ஒரு டிரஸ்ட் கட்டிக்கொடுத்த கழிப்பறைகளில் பாதிக்கு மேல் விறகும் சாக்கு மூட்டையும்தான் இருக்கின்றன. மக்களைத் திருத்தவே முடியாதா? (மணப்பாறை)

அது நான் கட்டியதாகவும் இருக்கலாம்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் மூன்றாவது வருடத்தில் ஒரே ஊரில் 46 கழிப்பறை கட்டினோம். திறப்பு விழாவுக்குப் பந்தல், மாலை, வெள்ளைச் சட்டைகள் எல்லாம் வந்தன. ஆறு மாதம் கழித்துப் போனபோது 11 வீட்டில்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது.

முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. அப்புறம் ஒரு பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். தெருக்குழாய் கால் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. தண்ணீர் எடுப்பது மருமகள்கள். குடிக்க, சமைக்க, மாட்டுக்கு என்று ஆறு குடம் சுமக்கிற பெண்ணிடம் கழிப்பறைக்கு இன்னும் நாலு குடம் என்றால் யார் சுமப்பது? காட்டுக்குப் போனால் ஒரு சொம்போடு முடிந்தது. அவர்கள் கணக்கு சரி, எங்கள் கணக்குதான் தப்பு. கழிப்பறைக்கு ஒருவரிடம் பணம் வாங்கிவிட்டோம், தண்ணீருக்கு யாரிடமும் கேட்கவே இல்லை. இன்னொன்றும் இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியில் மட்டும்தான் வைத்திருந்தோம். வரைபடம் போட்டதும் ஆண், சரிபார்த்ததும் ஆண். கையெழுத்துப் போட்ட நானோ தாழ்ப்பாளைப் பார்க்கவே இல்லை.

அதனால் மக்களைத் திருத்துகிற பேச்சை விடுங்கள். தலைமையில் இருப்பவர் கட்டி முடித்த ஆறாவது மாதம், பதினெட்டாவது மாதம் என்று முன்கூட்டியே சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை கட்டினோம் என்ற எண்ணை ஆண்டறிக்கையில் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்பதை முதல் பக்கத்தில் போட்டோம். முதல் வருடம் அது அவமானமாகத்தான் இருந்தது.

செப்டிக் டேங்கா, இரட்டைக் குழியா? நிர்வாகிக்கு இதெல்லாம் தெரிய வேண்டுமா, இன்ஜினியர் பார்த்துக்கொள்ள மாட்டாரா? (நாமக்கல்)

கட்டாயம் தெரிய வேண்டும். குழியை யார் அள்ளப்போகிறார் என்று கேட்க வேண்டியவர் நிர்வாகிதான்.

இரட்டைக் குழி முறையை நாடு முழுக்கப் பரப்பியது சுலப் இன்டர்நேஷனல் என்ற தொண்டு அமைப்பு. பிந்தேஷ்வர் பாடக் 1970இல் பீகாரில் தொடங்கியது. இரண்டு உறைக்குழி, சுவரில் ஓட்டைகள், அடியில் பூச்சு கிடையாது. ஒரு குழி நிரம்ப ஒரு குடும்பத்துக்குச் சுமார் 3 வருடம் ஆகும். நிரம்பியதும் அடுத்த குழிக்குத் திருப்பிவிடுவார்கள். மூடிய குழி ஒன்றரை, இரண்டு வருடத்தில் வாடையில்லாத எருவாகிவிடும், மண்வெட்டியால் அள்ளலாம். ஊற்ற வேண்டிய தண்ணீரும் இரண்டு லிட்டருக்குள்தான். செப்டிக் டேங்க் என்றால் லாரி வர வேண்டும், தெரு அகலமாக இருக்க வேண்டும், லாரி அதை எங்கே கொட்டுகிறது என்பதையும் யாராவது பார்க்க வேண்டும். லாரி வராத சந்தில் கடைசியில் ஒரு மனிதர்தான் இறங்குகிறார். மனிதரை வைத்து மலம் அள்ளுவதைத் தடுக்கிற 2013 சட்டப்படி அது குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாம் கட்டிக்கொடுத்த குழியில் அப்படி ஒரு சாவு விழுந்தால் எந்த ஆண்டறிக்கையில் எழுதுவது?

ஆனால் இரட்டைக் குழி எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. காவிரிக் கரையில் நாலடி தோண்டினால் ஊற்று. அங்கே குழி நேராக நிலத்தடி நீரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் முசிறியில் ஸ்கோப் அமைப்பு மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகப் பிரிக்கிற கழிப்பறைக்குப் போனது. அங்கே ஒரு பொதுக் கழிப்பறையில் பயன்படுத்துகிறவர்களுக்கே காசு கொடுத்தார்கள், சிறுநீர் வயலுக்கு உரம் என்று. அதன் நிறுவனர் சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தொண்டு என்று சொல்லிக்கொண்டு நிர்வாகி சம்பளம் வாங்குவது எப்படி நியாயம் மேடம்? (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்)

கொத்தனாருக்குக் கூலி, ஆடிட்டருக்குக் கட்டணம், நிர்வாகிக்கு மட்டும் புண்ணியமா? சம்பளமே இல்லாவிட்டால் சொத்துள்ளவர்கள் மட்டும்தான் தலைமைக்கு வர முடியும், அல்லது வேறு வழியில் எடுத்துக்கொள்வார்கள். சம்பளத்தை நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும், அந்தக் கூட்டத்தில் நிர்வாகி எழுந்து வெளியே போகட்டும், தொகையை அறிக்கையில் அச்சிடட்டும். நான் கடைசியாக வாங்கியது, அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியர் சம்பளத்தைவிடக் குறைவு.

குழுவில் கணவர், மைத்துனர், அக்கா மகன் என்று இருந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் ஊரில் ஊர்த்தெருவுக்குக் குழாய் போய்விட்டது. காலனிக்கு 'அடுத்த கட்டம்' என்கிறார்கள். தொண்டு நிறுவனம் இதில் தலையிட முடியுமா? (புதுக்கோட்டை மாவட்டம்)

தலையிடாத நிறுவனம் அந்த ஊருக்கே போகக் கூடாது. உங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்தார்கள். தண்ணீருக்குச் சாதி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் தொட்டி எங்கே நிற்கிறது, வால்வு யார் வீட்டு வாசலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வேலையைக் குழாயின் கடைசி முனையிலிருந்து தொடங்குவோம், அந்த முனை பெரும்பாலும் காலனிதான். முதல் கூட்டமும் அங்கேதான். இதற்கு ஒப்புக்கொள்ளாத ஊர்களில் வேலை செய்யவில்லை. இரண்டு ஊரை அப்படி விட்டோம். ஒன்றில் நன்கொடையாளர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார், அந்த வருடம் மூன்று பேருக்குச் சம்பளம் தாமதமானது. அதைக் குழுவில் சொல்லி, ஏன் என்று விளக்கி, மூன்று பேரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்கு உடனே ஆகிற வேலை: கிராமசபையில் கேள்வியை எழுதிக் கொடுத்துத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். 'அடுத்த கட்டம்' எந்தத் தேதி என்றும் அதிலேயே கேளுங்கள்.

ஒரு கம்பெனி நவீன இயந்திரம் தருகிறேன் என்கிறது. பெரிய போர்டு வைக்க வேண்டுமாம். வாங்கலாமா? (கோவை)

போர்டு பரவாயில்லை, வைத்துக்கொள்ளட்டும். இயந்திரத்தைப் பற்றி ஒரே கேள்வி கேளுங்கள்: வாஷர் போனால் எந்தக் கடையில் கிடைக்கும்?

பிளே பம்ப் கதை தெரியுமா? குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலே ஏறும். 2006இல் அமெரிக்க அரசும் சில அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள், ஆப்பிரிக்க நாடுகளுக்கு. படம் எடுக்க அருமையான காட்சி. நடந்தது என்ன? குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் வயதான பெண்கள் ராட்டினத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பழுதானால் உள்ளூரில் சரிசெய்ய ஆள் இல்லை. அந்த விலைக்குச் சாதாரண அடிபம்பு பல போட்டிருக்கலாம் என்று வாட்டர்எய்ட் என்ற தண்ணீர்த் தொண்டு அமைப்பு அப்போதே சொன்னது. 2010க்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். நம் ஊரில் இன்றும் கைகொடுக்கிற இந்தியா மார்க் 2 அடிபம்பைப் பாருங்கள். 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவானது, சென்னையில் தயாரித்தார்கள். அழகே கிடையாது. ஆனால் பஞ்சாயத்தில் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருந்தார்.

தருமபுரி பக்கம் போர்வெல் போட்டுக் கொடுக்க ஒருவர் பணம் தருகிறார். தண்ணீர் கிடைத்தால் போதும்தானே? (பென்னாகரம்)

போதாது. உங்கள் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பிள்ளைகளின் பல்லில் கறை, அப்புறம் எலும்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். பரிசோதனை செய்யாமல் போர் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

வங்கதேசத்தில் நடந்ததை நான் புதிய பணியாளர்களுக்கு முதல் நாளே சொல்வேன். குளத்துத் தண்ணீரால் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகிறார்கள் என்று 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு இறக்கினார்கள். நல்ல எண்ணம், நல்ல பணம். 1993இல்தான் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பது அங்கே உறுதியானது. பிறகு ஒவ்வொரு குழாயாகச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று வாயில் பெயின்ட் அடித்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறை குடித்து முடித்திருந்தது.

வெளியில் போகிறவர்களை விசில் அடித்து விரட்டினால், போட்டோ எடுத்தால், சீக்கிரம் மாறுவார்களே? (விழுப்புரம்)

எங்களிடம் அப்படிப் போட்டோ எடுத்த பணியாளரை நான் அன்றே வேலையை விட்டு அனுப்பினேன். 2000இல் வங்கதேசத்து மோஸ்மொயில் கிராமத்தில் கமல் கார் என்ற ஆலோசகர் தொடங்கிய முறையில், ஊரே சேர்ந்து நடந்து, தங்கள் மலம் எங்கே போகிறது என்று தாங்களே பார்த்துப் பேசுவார்கள். அருவருப்பு தானாக வரும். வெளியாள் விசிலோடு வந்து ஒரு பெண்ணை ஓட விடுவது வேறு. அடுத்த கேள்வி.

பொதுக் கழிப்பறையை மகளிர் குழுவிடம் கொடுத்தால் நடக்குமா? எங்கள் நகராட்சி நம்ப மறுக்கிறது. (திண்டுக்கல்)

திருச்சிக்கு ஒரு பஸ் ஏறச் சொல்லுங்கள். 1987இல் தாமோதரன் தொடங்கிய கிராமாலயா, மாநகராட்சியோடு சேர்ந்து குடிசைப் பகுதிக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்களிடம் கொடுத்தது. சில்லறைக் கட்டணம். வாசலில் ஒரு பெண் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார். மின்சாரம், பினாயில், சுத்தம் செய்பவர் கூலி எல்லாம் அந்த வசூலில்தான். மிச்சம் வங்கியில். அங்கே உள்ள கல்மந்தை 2002இல் திறந்தவெளியில் மலம் கழிக்காத பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அப்படி அறிவித்த முதல் குடிசைப் பகுதி என்பார்கள்.

நடப்பதற்குக் காரணம் காசு பெண்களிடம் இருப்பது. வார்டு ஆள் வந்து சாவி கேட்டால் யார் இல்லை என்று சொல்வது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் குழு ஒன்று அதில்தான் உடைந்தது. சாவியைக் கொடுத்த மூன்றாம் மாதம் மோட்டார் காணவில்லை.

22 வருடம் ஓடிய ஒன்றை விட்டு வருவது எப்படி இருந்தது அக்கா? உங்களுக்குப் பின்? (திருச்சி)

கஷ்டமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பாகிஸ்தானில் கராச்சியின் ஒராங்கி என்ற குடிசைப் பகுதியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1980இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் அங்கே போனபோது சாக்கடை சந்துகளில் திறந்து ஓடியது. சந்துக்காரர்களே காசு போட்டு, தாங்களே சாக்கடைக் குழாய் பதிக்க வைத்தார். பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பாடு, வீடும் சந்தும் எங்கள் பாடு என்று பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தக்காரர் இல்லாததால் செலவு பல மடங்கு இறங்கியது. கான் 1999இல் காலமானார். அதற்கு முன்பே பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர் வேலையை எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். நகரத்துச் சாக்கடை எங்கே ஓடுகிறது, திருட்டுத் தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள் என்று வரைபடமாகப் போட்டார். 2013 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வேலை அதோடு நின்றுவிடவில்லை. வரைபடங்கள் இருந்தன, போடத் தெரிந்த இளைஞர்களும் இருந்தார்கள்.

என் தலையில் இருந்ததை எல்லாம் எழுதி வைக்க எனக்கு 14 மாதம் பிடித்தது: எந்த ஊரில் வால்வு எங்கே, எந்தக் குழி எந்த வருடம் திருப்பிவிட வேண்டும், எந்தத் தலைவரிடம் யார் பேச வேண்டும். புதிய நிர்வாகி எங்களிடம் களப்பணியாளராகச் சேர்ந்த பெண், நாங்கள் வேலை செய்த ஒரு காலனிக்காரி. நிர்வாகக் குழுவில் என்னை ஆலோசகராக வைக்கிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். நாற்காலியில் நான் இருந்தால் எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இப்போதும் காலையில் போன் வரும், மோட்டார் ஓடவில்லை அம்மா என்று. புது நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். வைத்த பிறகு பத்து நிமிடம் கை சும்மா இருப்பதில்லை, அது வேறு விஷயம்.