எக்மோ செய்யணும்கிற மகளுக்கு என்ன படிப்பு? கோத்தகிரி அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம். மகள் பிளஸ் டூ. இதய-நுரையீரல் வேலையைச் செய்யும் எக்மோ கருவியை, ஆம்புலன்ஸில் தூக்கிப்போகும் அளவுக்குச் செய்ய ஆசைப்படுகிறாள். நீட் எழுதணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நோயாளி பக்கத்தில் நின்று கருவியை ஓட்டுபவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். அது உயிரியல் படித்தவர்களுக்கான பி.எஸ்சி. கருவியைச் செய்பவர் பொறியாளர். அதற்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் முக்கியம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால், கவுன்சலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீட்டை மறந்துவிடாதீர்கள். கட்டணத்தை அரசே கட்டும்.

கருவியைச் சிறிதாக்குவது மட்டும் வேலை இல்லை. பெரியவருக்கு நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் ரத்தம் ஓடணும். சிரையிலிருந்து பம்ப் இழுத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டருக்குத் தள்ளும்; அங்கே நுண்குழாய் நார்களுக்குள் ஆக்சிஜன், வெளியே ரத்தம். பம்ப் வேகத்தைக் கூட்டினால் ஓட்டமும் கூடும் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. உடம்பில் ரத்தம் போதாதபோது சிரையின் சுவர் உள்ளே வைத்த குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும், குழாய் துடிக்கும், சிவப்பணுக்கள் உடையும். அப்போது வேகத்தைக் குறைக்கணும். பம்புக்கு முந்திய பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. இணைப்பு தளர்ந்திருந்தால் ரத்தம் கசியாது, காற்று உள்ளே போகும். அது இன்னும் ஆபத்து. ரத்தம் தேங்கும் மூலைகளில் உறையும். ஆக்சிஜனேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஏறினால் உள்ளே ரத்தக்கட்டி சேர்கிறது என்று அர்த்தம்.

உங்கள் ஊரையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோத்தகிரியிலிருந்து கோவைக்கு 2 மணி நேரம். ஆக்சிஜனேட்டருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் வாயு என்றால் 600 லிட்டர். மண் சரிந்து வண்டி நின்றால் என்ன செய்வது என்று இரட்டிப்பாக, 1,200 லிட்டர் வாயு அடங்கும் சிலிண்டர். பேட்டரியும் அப்படியே. மோட்டார் நின்றால் கையால் சுற்றும் கைப்பிடி கட்டாயம். கொண்டை ஊசி வளைவில் குழாய் மடங்காத, கழலாத கட்டமைப்பு வேணும்.

பயோமெடிக்கல் எடுக்கலாம். ஆனால் பல கல்லூரிகளில் அது மானிட்டர் பழுது பார்ப்பதோடு முடிகிறது. திரவ இயக்கவியலை ஆழமாகக் கற்றுத்தரும் இடத்தில் மெக்கானிக்கல் கிடைத்தால் எனக்கு அதுதான் மேல். பிறகு கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதி மருத்துவக் கருவி எம்.டெக். போகலாம்.

இப்போதே ஒரு சோதனை. 40 பங்கு கிளிசரின், 60 பங்கு தண்ணீர். ரத்தத்தின் பிசுக்குத்தன்மைக்குக் கிட்டத்தட்ட வரும். சிறு பம்ப், 3/8 அங்குலத் தெளிவான குழாய், ஒரு வாளி. இழுக்கும் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்து, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறது என்று நோட்டில் எழுதட்டும்.