கரையில் உட்கார்ந்திருப்பவர்கள்

வணக்கம் அண்ணா,

மகளுக்கு ஏழு வயது. இந்த வருடம் ஸ்கூல் நீச்சல் டீமில் சேர்ந்தாள். போன மாதம் முதல் மீட், 25 மீற்றர் ப்ரீஸ்டைல், அவளுடைய ஹீட்டில், அதாவது அவளோடு ஒன்றாக நீந்திய குழுவில், கடைசி. எனக்கு நெஞ்சு அடைத்தது. அவளோ ஏறி வந்து, “அம்மா, நான் நடுவில நிக்கவே இல்லை, கண்டனீங்களா?” என்று கேட்டுவிட்டு மிலோ குடிக்க ஓடிவிட்டாள். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கிறார். “பொம்பிளைப் பிள்ளைக்கு உது ஏன், கறுத்துப்போகும், தலைமயிர் கொட்டும், ஸ்கொலர்ஷிப்புக்குப் படிப்பியுங்கோ” என்கிறார். கணவர் ஸ்டொப்வொட்ச் வாங்கப்போகிறார். எனக்கென்றால் கிழமையில் மூன்று பின்னேரம் அந்தத் தடாகக் கரையில் சும்மா இருப்பதுதான் இப்போது ஆகச் சந்தோஷமான நேரம். கடைசியாக வருகிற பிள்ளையைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுவது அசட்டுத்தனமா?

வாசகி, வெள்ளவத்தை

அன்பின் தங்கைக்கு,

அசட்டுத்தனம் என்றால் எனக்கும் அது இருக்கிறது. என் சொந்தத் தங்கையின் மகன் ஒருவன் நீந்துகிறான். கூட்டிப்போக ஆளில்லாத நாட்களில் துணைக்குப் போய்ப் பழகி, இப்போது ஆள் இருந்தாலும் போகிறேன்.

ஏன் இது இவ்வளவு பிடிக்கிறது என்று நானும் யோசித்திருக்கிறேன். நீந்துகிற பிள்ளைக்கு நம்முடைய குரல் கேட்காது, அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. கிரிக்கெட் என்றால் அப்பா பவுண்டரியில் நின்று “காலை முன்னுக்கு வை” என்று கத்தலாம், நடன மேடை என்றால் அம்மா முன்வரிசையில் இருந்து முகபாவம் காட்டிக் கொடுக்கலாம், ஹோம்வேர்க் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீருக்குள் தலை போய்விட்டால் அந்தப் பிள்ளைக்குத் தன்னுடைய குமிழிச் சத்தம் மட்டும்தான். நீங்கள் கரையில் தொண்டை கிழியக் கத்துவது பக்கத்துக் கதிரைக்காரருக்குத்தான் இடைஞ்சல். அந்த அரை நிமிடத்துக்கு யாரும் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க முடியாது, நீங்களும் பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. கொழும்பில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இப்படி ஒரு அரை நிமிடம் வேறு எங்கே கிடைக்கிறது?

அதிலும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் போட்டியை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரியவர்களின் போட்டி வடிவாக இருக்கும், ஆனால் என்ன நடக்கும் என்று அநேகமாகத் தெரிந்துவிடும். சின்னவர்களில் ஒருவன் விசில் ஊதுவதற்கு முன்னமே குதிப்பான், ஒருத்தி எல்லோரும் குதித்த பிறகும் நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேடையிலேயே நிற்பாள். மல்லாந்து நீந்துகிறவர்கள் லேன் கயிற்றை உரசி உரசிப் போவார்கள். சுவருக்கு ஐந்து மீற்றர் முன்னால் தலைக்கு மேலே கொடி கட்டியிருப்பது, கை வீச்சை எண்ணிச் சுவரைக் கணிப்பதற்காக. இவர்கள் அந்தக் கொடியை ரசித்துக்கொண்டே போய்ச் சுவரில் மண்டையை இடித்துக்கொள்வார்கள். ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இரண்டு கையாலும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும் என்பதை மறந்து ஒற்றைக் கையால் தொட்டவன், முதலாவதாக வந்தும் தகுதி இழந்து, துவாய்க்குள் முகத்தைப் புதைத்து அழுவான். அப்புறம் ரிலே. இவ்வளவு நேரம் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்த நாலு பேரும் திடீரென்று ஒரு டீம் ஆகிவிடுவார்கள், நீந்தி முடித்தவர் அடுத்தவருக்காகத் தண்ணீர் சொட்டச் சொட்டத் துள்ளுவார். மகளுக்கு ரிலேயில் இடம் கிடைக்கிற நாளில் லீவு போட்டாவது போய்விடுங்கள்.

கடைசி என்று கவலைப்பட்டீர்களே, அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஹீட் பிரிப்பது வழக்கமாகப் பழைய நேரங்களை வைத்துத்தான். நேரம் பதிவாகாத புதுப்பிள்ளைகள் தொடக்க ஹீட்களில் போவார்கள், வேகமானவர்கள் நடு லேன்களில். முதல் மீட்டில் கடைசியாக வருவதற்குப் பெரிதாக அர்த்தம் ஒன்றும் இல்லை. இந்த வயதில் நேரம் குறைவது பலத்தால் அல்ல, தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்கப் பழகுவதால். அதைப் பிடித்துவிட்டால் அடுத்தடுத்த மீட்களில் நேரம் மளமளவென்று இறங்கும், அதைப் பார்ப்பது தனிச் சுகம். நடுவில் நிற்கவில்லை என்று அவள் சொன்னாள் பாருங்கள், அவ்வளவு பேரிலும் சரியான அளவுகோல் அவளிடம்தான் இருந்திருக்கிறது.

மாமிக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து மனுஷி நீச்சல் நமக்கு எதற்கு என்று கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான். 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி தொண்டைமானாற்றுக்காரர். 1971இல் மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்த ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறைக்காரர், அதற்கு அவருக்கு 51 மணித்தியாலம் பிடித்தது. அவர்கள் ஆம்பிளைகள் என்பார் மாமி. கீரிமலையில் பெண்களுக்கென்று தனிக் கேணி எதற்குக் கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். நாம்தான் வெள்ளவத்தைக்கு வந்த பிறகு, எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் மரைன் டிரைவையும் ரயில் பாதையையும் தாண்டினால் கடல் என்று இருந்துகொண்டு, கால் நனைக்கவும் பயந்த பிள்ளைகளை வளர்த்து வைத்திருக்கிறோம். 2004 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது. அதற்காக நீந்தத் தெரியாமலே இருப்பதில் நியாயம் இல்லை.

தலைமயிருக்கு வழி உண்டு. இறங்குவதற்கு முன் ஷவரில் தலையை நன்றாக நனைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் தொப்பி போட்டுவிடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும். ஏறியதும் திரும்ப ஒரு குளிப்பு. கறுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அந்தக் கதைக்கு மரியாதை கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

மாமி சொல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நம் வீடுகளில் பெண்பிள்ளை நீச்சலை விடுவது அநேகமாக ஸ்கொலர்ஷிப்பால் அல்ல, பெரிய பிள்ளை ஆனதும் சத்தமில்லாமல் நிறுத்தப்படுவதால். சாமத்தியச் சடங்குக்கு ஹோல் புக் பண்ணுகிற கையோடு நீச்சல் பை அலுமாரிக்கு மேலே போய்விடும். பத்துப் பன்னிரண்டு வயதில், அப்போதுதான் நாலு ஸ்ட்ரோக்கும் ஒழுங்காக வந்து நீந்துவதில் ருசி பிடிக்கிற நேரத்தில். முழங்கால் வரை வரும் நீச்சலுடை போட்டி விதிகளிலேயே இருக்கிறது, மாதத்தில் சில நாள் இறங்க விருப்பமில்லை என்றால் அந்த நாட்களில் விட்டுவிடலாம். இதை இப்போதே வீட்டில் பேசி வைத்துவிடுங்கள், நாள் வந்தபிறகு பேச இடம் இருக்காது. ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்கு வேண்டுமானால் மூன்று பின்னேரத்தை ஒன்றாகக் குறையுங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம்.

கணவரின் ஸ்டொப்வொட்ச் விஷயம். 1991இல் கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டில் நம் நாட்டு நீச்சல்வீரர் ஜூலியன் போலிங் ஆறு தங்கம் வாங்கியதும், 2016இல் மத்யூ அபேசிங்க ஏழு வாங்கியதும் அவருக்கு மனப்பாடமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஸ்டொப்வொட்ச் வாங்குகிற அப்பாக்கள் அப்படித்தான். தப்பில்லை. ஆனால் நேரம் எடுக்க மீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், பிராக்டிஸில் கோச் இருக்கிறார். வேனில் வீட்டுக்கு வரும் வழியில் “ஏன் இன்றைக்கு ரெண்டு செக்கன் கூட?” என்று கேட்கத் தொடங்கினால், தண்ணீருக்குள் கேட்காமல் இருந்த குரல் அங்கேயும் கேட்கத் தொடங்கிவிடும். அந்தக் காசுக்கு நல்ல கண்ணாடி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். முதலில் வாங்குகிற மலிவுக் கண்ணாடி அநேகமாக ஒழுகும்.

அடுத்த மீட்டுக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிழல் இருக்கிற பக்கமாகப் பார்த்துக் காலை ஏழரைக்கு முன்னமே இடம் பிடியுங்கள், பிறகு கிடைக்காது.