மூன்று இரும்புத் தகடுகள்

அன்புள்ள ஐயா,

நான் ஐடிஐ ஒன்றில் ஃபிட்டர் பிரிவு பயிற்றுநர். பயிற்றுநர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, ஒருவர் வகுப்பில் மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்து, கற்பிக்கும் முறையைத் திருத்திக்கொள்ளும் திட்டம் ஒன்று எங்களுக்கு வருகிறது. சிஐடிஎஸ் என்கிற பயிற்றுநர் பயிற்சியை முடித்து வேலைக்கு வந்தபின் நாங்கள் யாரும் இன்னொருவர் வகுப்பைப் பார்த்ததில்லை. திட்டத்தை விளக்கும் பொறுப்பு எனக்கு. ஏணிப் படம் போட்டேன். மூத்தவர் ஒருவர், "அப்ப நாங்க கீழ்ப்படியிலயா நிக்கிறோம், தம்பி?" என்றார். பதில் வரவில்லை. வேறு என்ன படம் போடலாம்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அவர் கேட்டது நியாயம். ஏணி வரைந்துவிட்டால் யாராவது கீழே நின்றுதான் ஆகவேண்டும். முப்பது வருடம் அரம் பிடித்தவரிடம் அதைக் காட்டக் கூடாது.

உங்களுக்கு வேண்டிய படம் உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. சமதளம் பார்க்க உதவும் இரும்புத் தகடான சர்ஃபேஸ் பிளேட்டில் பிரஷ்யன் புளூ என்கிற நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, வேலைத்துண்டைக் கவிழ்த்து லேசாக நகர்த்தி எடுத்தால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். சுரண்டும் உளியான ஸ்க்ரேப்பர் அங்கே மட்டும் போகும். பிறகு மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். என் அப்பாவும் ஃபிட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காரும்போதும் அவர் நகக்கண்ணில் அந்த நீலம் இருக்கும்.

சரி, அந்த சர்ஃபேஸ் பிளேட் சமமாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? பி.எஸ்.டபிள்யூ. (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் விட்வொர்த்) மரை என்று பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களே, அந்தப் பெயருக்குரிய ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் கூட்டத்தில் இதற்கு வழி சொன்னார். மூன்று தகடுகளை எடுத்து, மாற்றி மாற்றி ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுச் சுரண்ட வேண்டும். இரண்டு போதாது. ஒன்று புடைத்தும் மற்றது குழிந்தும் இருந்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தி நம்மை ஏமாற்றிவிடும். மூன்றாவது வந்ததும் குட்டு உடையும்: புடைத்ததோடு பொருந்துகிற இரண்டும் குழிந்தவை, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓரம் மட்டும்தான் தொடும். முன்கூட்டியே சரியான தகடு என்று ஒன்று வேண்டியதே இல்லை.

உங்கள் திட்டமும் இதுதான். இரண்டு பேர் மட்டும் பார்த்துக்கொண்டால் ஒருவர் குறை இன்னொருவர் பழக்கத்தோடு ஒத்துப்போய்விடும், 'நல்லா எடுத்தீங்க சார்' என்று கைகுலுக்கிக் கிளம்பிவிடுவார்கள். மூன்றாமவர் எதற்கு என்று இனி யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டாம். இங்கே யாரும் மேல்படி இல்லை.

இன்னொன்றும் உண்டு. அதுவரை தகடுகளுக்கு நடுவே எமரி என்கிற அரைப்புத் தூளைப் போட்டுத் தேய்ப்பதுதான் வழக்கம். விட்வொர்த் அதை விட்டுவிடச் சொன்னார். தூள் எங்கே எவ்வளவு தின்னும் என்பது நம் கையில் இல்லை. இருநூறு பேரை ஒரே மண்டபத்தில் உட்காரவைத்து நாள் முழுக்கப் பேசுகிற பயிற்சிகளை நினைத்துப் பாருங்கள், அவையும் அந்தத் தூள் மாதிரிதான். எனக்கு அவற்றின் மேல் உண்மையிலேயே கோபம் உண்டு.

படம் பொருந்தாத இடத்தையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தகடுகள் மூன்றும் ஒரே மாதிரி ஆகவேண்டும். பயிற்றுநர்கள் அப்படி ஆகக் கூடாது. வெல்டர் பிரிவுக்காரர் அதட்டித்தான் பேசுவார். தீப்பொறிக்குப் பக்கத்தில் அந்த அதட்டல் வேண்டும், அதைச் சுரண்டிவிடாதீர்கள்.

ஸ்லைடு வேண்டாம். கையளவு தகடு மூன்றை மேசையில் வையுங்கள். நீலத்தை அந்த மூத்தவரையே தடவச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடிப்போனாலும் எல்லா இடமும் மேடாகத் தெரியும். எவ்வளவு போதும் என்று அவர் விரலுக்குத் தெரியும்.