நல்ல மனசு மட்டும் போதாதா அக்கா?

வணக்கம் அக்கா,

ரொம்ப நாளா நீங்க எழுதறதை படிச்சிட்டு வர்றேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன். பேர் போட வேண்டாம் ப்ளீஸ். எனக்கு 26 வயசு. ஸ்கூல் முடிச்சதும் வீட்டு நிலைமையால வேலைக்குப் போயிட்டேன், இப்ப ஒரு கஸ்டமர் கேர்ல இருக்கேன். என் தம்பிக்கு பிறவியிலேயே செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராது, அவனை அம்மாவும் நானும்தான் பாத்துக்கறோம். சோஷியல் ஒர்க் படிக்கணும்னு ஆசை வந்ததே அவனாலதான். இந்த வருஷம் நாலு யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணேன். ரெண்டு இடத்துல இன்டர்வியூவுக்கே கூப்பிடல. ஒரு இடத்துல வெயிட்டிங் லிஸ்ட்ல வச்சு கடைசியில இல்லைன்னுட்டாங்க. நாலாவது இடத்துல இன்டர்வியூ வரைக்கும் போனேன். அங்க ஒரு கேஸ் குடுத்தாங்க. ஒரு அம்மா குடிக்கிறாங்க, ஆறு வயசு குழந்தை சரியா ஸ்கூலுக்கு வரல, நீங்க என்ன செய்வீங்கன்னு. நான் யோசிக்கவே இல்ல, குழந்தையை உடனே அங்கேருந்து கூட்டிட்டு வந்து பாதுகாப்பான இடத்துல சேர்ப்பேன்னு சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டாங்க, வேற எதுவும் கேக்கல. ஒரு வாரத்துல ரெஜெக்ட் மெயில் வந்துடுச்சு.

நான் இதுக்கு லாயக்கில்லையா அக்கா? நல்ல மனசு மட்டும் போதாதா? பேசாம சைக்காலஜிக்கு மாறிடலாமான்னு இருக்கு. ஏன் இதை படிக்கணும்னு அப்ளிகேஷன்ல எழுதின ஸ்டேட்மென்ட்டை கூட அனுப்பியிருக்கேன்.

நேத்து கூட தம்பிகிட்ட சண்டை. சட்டை பட்டனை அவனே போடணும்னு அடம்பிடிப்பான், கால் மணி நேரம் ஆகும், ஆபீஸ் அவசரத்துல நானே போட்டு விட்டுட்டேன், நாள் பூரா என் மூஞ்சியை பாக்கல. என்னையே என்னால ஒழுங்கா வச்சுக்க முடியல, நான் எப்படி ஊருக்கு உதவி பண்றது.

இப்படிக்கு,
உங்க வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நாலு இடத்துல இல்லைன்னு வந்ததை நீங்க ஒரே பதிலா சேர்த்து எடுத்துக்கிட்டு மனசு ஒடிஞ்சு போயிருக்கீங்க. அது ஒரே பதில் இல்லம்மா. வெயிட்டிங் லிஸ்ட்ல வச்ச இடத்துக்கு உங்களை பிடிச்சிருந்துச்சு, சீட்டுதான் இல்ல. இந்த படிப்புல சீட்டு ஏன் இவ்வளவு கம்மின்னு வெளியில இருக்கறவங்களுக்கு தெரியறதில்ல. கிளாஸ்ல எத்தனை பெஞ்ச் இருக்குங்கறது இங்க கணக்கே இல்ல, எத்தனை பேருக்கு ஃபீல்டு ஒர்க்குக்கு இடம் கிடைக்கும்ங்கறதுதான் கணக்கு. அமெரிக்காவுல சோஷியல் ஒர்க் பேச்சிலர் டிகிரி வாங்கணும்னா குறைஞ்சது 400 மணி நேரம் ஃபீல்டுல இருந்தாகணும், மாஸ்டர்ஸ்னா 900. இங்கிலாந்துல 200 நாள். மத்த நாடுகள்ல எண்ணிக்கை மாறும், ஆனா ஃபீல்டு இல்லாம டிகிரி இல்ல. ஒவ்வொரு ஸ்டூடண்டுக்கும் ஒரு ஆஸ்பத்திரியோ ஹோமோ ஏதாவது ஒரு அமைப்போ கதவைத் திறக்கணும், ஏற்கெனவே தலைக்கு மேல வேலை இருக்கற ஒரு சீனியர் அந்தப் பிள்ளை கூட உக்காந்து சொல்லிக்குடுக்க நேரம் ஒதுக்கணும். அப்படி ஆள் கிடைக்கலைன்னா நல்ல பிள்ளைங்களையும் திருப்பி அனுப்பத்தான் வேண்டியிருக்கு. அதனால அந்த ஒரு இடத்தை உங்க தோல்வின்னு கணக்குல சேர்க்காதீங்க, அடுத்த வருஷம் அங்கயே திரும்ப போடுங்க.

இன்டர்வியூவுக்கே கூப்பிடாத ரெண்டு இடத்துக்கு வர்றேன். உங்க ஸ்டேட்மென்ட்டை படிச்சேன். "சின்ன வயசிலிருந்தே கஷ்டப்படறவங்களுக்கு உதவி செய்யணும்னு ஆசை"ன்னு ஆரம்பிக்குது. நான் ஃபீல்டுல இருந்தப்ப ஒரு காலேஜ்ல அட்மிஷன் பேனலுக்கு வெளியாளா கூப்பிடுவாங்க, கட்டுக்கட்டா அப்ளிகேஷன் படிப்போம், பாதிக்கு மேல இதே வரிலதான் ஆரம்பிக்கும். யாரும் பொய் எழுதல, எல்லாருக்கும் அந்த ஆசை நிஜமாவே இருக்கு. எல்லாரும் அதையே எழுதறதால அந்த வரியை வச்சு யார் யாருன்னு பிரிச்சுப் பாக்க முடியாது, அவ்வளவுதான். படிக்கறவங்க கண்ணு தானா அடுத்த பத்திக்கு போகும், அங்க ஏதாவது நடந்திருக்கான்னு தேடும். உங்க அடுத்த பத்தியில "தம்பியை பாத்துக்கறதால பொறுமை கத்துக்கிட்டேன்"னு ஒரு வரி இருக்கு, அதோட முடிஞ்சு போச்சு.

ஆனா எனக்கு எழுதின கடிதத்துல, கடைசியில, போற போக்குல அந்த பட்டன் சண்டையை எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதாம்மா உங்க ஸ்டேட்மென்ட். அவனுக்கு கால் மணி நேரம் ஆனாலும் அவன் கையால போடணும், உங்களுக்கு மணி ஆகுது, நீங்க அன்போடதான் போட்டு விட்டீங்க, அவனுக்கு அது அவமானமா போச்சு. இந்தத் தொழிலோட பெரிய கேள்வியே அதுக்குள்ள இருக்கு. ஃபெலிக்ஸ் பீஸ்டெக்னு ஒருத்தர் 1957ல கேஸ்ஒர்க் உறவுக்கு, அதாவது சோஷியல் ஒர்க்கருக்கும் உதவி தேடி வர்ற ஆளுக்கும் நடுவுல இருக்கற உறவுக்கு, ஏழு கொள்கைகளை எழுதி வச்சார், இன்னைக்கும் முதல் வருஷத்துலயே அதை சொல்லிக்குடுக்கறாங்க, அதுல ஒண்ணு கிளையன்ட்டோட சுயநிர்ணய உரிமை. தன் வாழ்க்கையில என்ன நடக்கணும்னு முடிவு பண்றது அந்த ஆளோட உரிமை, நமக்கு எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும் அதை பிடுங்கிக்கக் கூடாது. பரீட்சைக்கு இதை மனப்பாடம் பண்றவங்க நிறைய பேர், நீங்க அதை ஒரு காலை நேரத்துல கண் முன்னால பாத்திருக்கீங்க, சாயங்காலம் வரைக்கும் அது உங்களை உறுத்தியிருக்கு. அந்த உறுத்தலைத்தான் பேனல்ல இருக்கறவங்க தேடறாங்க. நீங்க என்னடான்னா லாயக்கில்லாததுக்கு அதையே சாட்சியா எழுதியிருக்கீங்க!

அதை அப்படியே எழுதுங்க. என்ன நடந்துச்சு, அவன் என்ன பண்ணான், நீங்க என்ன நினைச்சீங்க, மறுநாள் எதை மாத்தினீங்க. ஒருவேளை அரை மணி நேரம் முன்னாடி எழுப்பி விட்டிருக்கலாம், ஒருவேளை பட்டனுக்கு பதிலா ஒட்டற மாதிரி சட்டை வேணுமான்னு அவனையே கேட்டிருக்கலாம், எதுவா இருந்தாலும் நடந்ததை மட்டும் எழுதுங்க, கூட்டி எழுத வேண்டாம். தம்பிகிட்டயும் கேட்டுட்டு எழுதுங்க, அது அவன் கதையும்தான். இன்னொண்ணு, கஸ்டமர் கேர் வேலையைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை கூட எழுதல. கோவத்துல கத்தற ஆளை குரலை உயர்த்தாம முழுசா பேச விட்டு, அவருக்கு உண்மையில என்ன பிரச்சனைன்னு கண்டுபிடிக்கறது தினமும் உங்க வேலை. அதை விட்டுட்டு யாராவது ஸ்டேட்மென்ட் எழுதுவாங்களா?

சரி, அந்த இன்டர்வியூ. இதைப் பத்தி கொஞ்சம் விரிவா பேசணும், ஏன்னா உங்க கேள்விக்கான பதில் இங்கதான் இருக்கு.

குழந்தையை உடனே கூட்டிட்டு வந்துடுவேன்னு நீங்க சொன்னது நல்ல மனசுல இருந்து வந்ததுதான், சந்தேகமே இல்ல. ஆனா அந்த பதிலை கேட்டதும் பேனல்ல இருக்கறவங்களுக்கு பக்குன்னு இருந்திருக்கும். குழந்தைங்க பாதுகாப்பு வேலையில இருக்கற சோஷியல் ஒர்க்கர் கையில நிஜமாவே ஒரு குடும்பத்தை பிரிக்கற அளவுக்கு அதிகாரம் வந்து சேரும். அவங்க எழுதற ஒரு ரிப்போர்ட்டை வச்சு ஒரு குழந்தை அம்மாகிட்ட இருக்குமா இருக்காதான்னு முடிவாகலாம். அப்படிப்பட்ட அதிகாரத்தை யோசிக்காம எடுக்கற கை எவ்வளவு நல்ல கையா இருந்தாலும் ஆபத்து. அம்மா குடிக்கிறாங்கன்னு யார் சொன்னாங்க, பாத்தவங்களா கேள்விப்பட்டவங்களா? குழந்தைக்கு இன்னைக்கு ராத்திரியே ஆபத்து இருக்கா, இல்ல கொஞ்ச நாள் கூட இருந்து பாக்கலாமா? வீட்டுல வேற யார் இருக்காங்க? குழந்தை தனியா பேசினா என்ன சொல்லுது? அம்மா எப்பலேருந்து குடிக்கிறாங்கன்னு யாராவது கேட்டாங்களா, புருஷன் செத்துப் போனப்பறமா, வேலை போனப்பறமா, அடி வாங்கி வாங்கியா? அவங்களே வெளிய வரணும்னு நினைச்சா அதுக்கு என்ன உதவி இருக்கு? குழந்தையை அம்மாகிட்டேருந்து எடுத்தா அந்த பிரிவு குழந்தைக்கு என்ன பண்ணும்?

இதுக்கெல்லாம் பதில் உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்னு அவங்க எதிர்பார்க்கல, தெரிஞ்சா நீங்க ஏன் படிக்க வரணும்? கேள்வி வருதான்னுதான் பாக்கறாங்க. எல்லாத்துக்கும் மேல ஒரு வாக்கியத்துக்காக காத்திருந்திருப்பாங்க: "இதை நான் தனியா முடிவு பண்ண மாட்டேன், என் சூப்பர்வைசர்கிட்ட உடனே பேசுவேன்." உடனடி ஆபத்துன்னு தெரிஞ்சா தாமதிக்காம மேல சொல்லணும், அதுல தயக்கமே கூடாது, அந்த நேரத்துல குழந்தையோட பாதுகாப்புதான் முதல்ல. மத்த நேரத்துல நிதானம். ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியுதாங்கறதுதான் அந்த கேள்வி. கத்துக்கக் கூடிய விஷயம்தான் இது, அதனால அந்த ரெஜெக்ஷன் உங்க குணத்துக்கு கிடைச்சது இல்ல, ஒரு அவசர பதிலுக்கு கிடைச்சது.

நல்ல மனசு போதாதான்னு கேட்டீங்கல்ல, இந்தப் படிப்பு பிறந்ததே அது போதலைன்னு தெரிஞ்சதாலதான். 19ஆம் நூற்றாண்டு கடைசியில அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் வசதியான வீட்டு பெண்கள் ஏழைங்க வீடு வீடா போய் விசாரிச்சு புத்தி சொல்லிட்டு வருவாங்க, ஃப்ரெண்ட்லி விசிட்டர்ஸ்னு பேரு. அவங்க மனசுல குறை இல்ல, ஆனா வறுமை எதனால வருதுன்னு புரியாம, குடிக்காதே, சோம்பேறியா இருக்காதேன்னு சொல்லிட்டு வந்தா அந்த வீட்டுல என்ன மாறும்? அவங்களை அனுப்பற மாதிரி ஒரு தர்ம சங்கத்துல வேலை பாத்த மேரி ரிச்மண்ட், 1897ல டொரன்டோவுல நடந்த தர்ம அமைப்புகள் மாநாட்டுல எழுந்து, இதுக்குன்னு முறையா பயிற்சி குடுக்க ஒரு பள்ளிக்கூடம் வேணும்னு பேசினாங்க. அடுத்த வருஷமே நியூயார்க்ல ஆறு வார கோடை வகுப்பு ஒண்ணு ஆரம்பமாச்சு, அதுதான் பின்னாடி கொலம்பியா யூனிவர்சிட்டியோட சோஷியல் ஒர்க் ஸ்கூலா வளர்ந்துச்சு. அந்த மேரி ரிச்மண்ட் ஸ்கூல் படிப்போட நின்னவங்க, காலேஜ் பக்கமே போனதில்ல. ஸ்கூல் முடிச்சு வேலைக்குப் போன உங்களுக்கு இதை சொல்லணும்னு தோணுச்சு.

இப்ப இந்த ஒரு வருஷத்தை என்ன பண்றது? சர்ட்டிஃபிகேட் கோர்ஸா சேர்த்து வைக்காதீங்க, அது பேப்பர்தான். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் பக்கத்துல உக்காரற மாதிரி ஒரு இடம் தேடுங்க. முதியோர் இல்லமோ, ஹெல்ப்லைனோ, பெண்கள் காப்பகமோ, சாயங்கால டியூஷன் சென்டரோ, வாரத்துல அரை நாள் போதும். ஆனா விடாம போகணும், மூணு மாசம் போயிட்டு நின்னா அங்க இருக்கறவங்களுக்கும் அது நல்லதில்ல. வீட்டுல தம்பி இருக்கறப்ப வெளியில ஏன்னு கேப்பீங்க. தம்பியை நீங்க நேசிக்கறீங்க, அவன் உங்க ரத்தம். உங்களுக்கு பிடிக்காத, உங்களை திட்டற, பொய் சொல்ற ஒருத்தர்கிட்டயும் அதே மரியாதையோட இருக்க முடியுதான்னு நீங்களே தெரிஞ்சிக்கணும். போயிட்டு வந்த அன்னைக்கே ஒரு நோட்டுல எழுதுங்க, யார் என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொன்னீங்க, எந்த இடத்துல உங்களுக்கு கோவமோ அழுகையோ வந்துச்சுன்னு. யார் பேரும் எழுத வேண்டாம், நோட்டை யார் கைக்கும் குடுக்கவும் வேண்டாம். டிகிரியில ப்ராசஸ் ரெக்கார்டிங்னு இதைத்தான் எழுதச் சொல்வாங்க. ஆறு மாசம் இதை பண்ணிட்டு, இது எனக்கு வேண்டாம்னு தோணினா அதையும் நம்புங்க, அதுல வெட்கமே இல்ல.

சைக்காலஜிக்கு மாறலாமான்னா, சைக்காலஜி பிடிச்சா மாறுங்க, கதவு மூடினதுக்காக மாறாதீங்க. வேற டிகிரி முடிச்சவங்களையும் சோஷியல் ஒர்க் மாஸ்டர்ஸ்ல பல யூனிவர்சிட்டி சேர்த்துக்கறாங்க, அதனால சோஷியாலஜியோ சைக்காலஜியோ படிச்சிட்டு வர்ற வழி இருக்கத்தான் செய்யுது. நீளமான வழி, காசும் கூட ஆகும். பல நாடுகள்ல சோஷியல் ஒர்க்கர்னு பேர் போட்டுக்கவே பதிவு வேணும், அதனால சேர்ற கோர்ஸ் அதுக்கு அங்கீகாரம் உள்ளதான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

வீட்டுல ஒரு விஷயம் இப்பவே பேசணும். ஃபீல்டு ஒர்க் இருக்கற நாள்ல தம்பியை யார் பாத்துப்பாங்க? பேனல்ல இதை கேக்கவும் வாய்ப்பிருக்கு, கேக்கலைன்னாலும் முதல் செமஸ்டர்லயே இது வந்து நிக்கும். அம்மா ஒருத்தரால முடியாது. சொந்தக்காரங்களோ டே கேரோ யாரோ ஒருத்தர் ஏற்பாடாகணும், அந்த பேச்சுல தம்பியையும் உக்கார வைங்க.

இந்த வாரமே அந்த நாலாவது இடத்துக்கு மெயில் போடுங்க, ஏன் எடுக்கலைன்னு சண்டை போடற தொனி வேண்டாம், அடுத்த தடவைக்கு நான் எதை சரி பண்ணணும்னு கேளுங்க. எல்லா இடத்துலயும் ஃபீட்பேக் குடுக்க மாட்டாங்க, குடுத்தா ரெண்டு வரிதான் இருக்கும், அதுவே போதும். ரெஃபரன்ஸ் லெட்டருக்கும் இப்பவே ஆள் பாத்து வைங்க, நீங்க வேலை செய்யறதை நேர்ல பாத்த ஒருத்தரா இருக்கட்டும், பெரிய பதவியில இருக்கறவர்னு தேடி அலைய வேண்டாம், உங்க டீம் லீடரே நல்லா எழுதுவார். புது ஸ்டேட்மென்ட் முதல் டிராஃப்ட் எழுதினதும் எனக்கு அனுப்புங்கம்மா, வரிக்கு வரி படிச்சு குறிச்சு திருப்பி அனுப்பறேன்.

அன்புடன்,
அக்கா