பந்தை விட்ட மகன் நடிக்கப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. உள்ளூர்க் காற்பந்துக் குழு ஒன்றில் சம்பளத்துக்கு ஆடினான். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது சிங்கப்பூரின் ‘வசந்தம்’ தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் நாயகியின் தம்பியாக நடிக்கக் கேட்கிறார்கள். இந்த வயதில் தொடங்கலாமா, அக்கா?
— வாசகி, ஈசூன்

தாராளமாகத் தொடங்கட்டும். பிரெஞ்சு ஆட்டக்காரர் எரிக் கான்டனா, இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் குழுவில் ஐந்து பருவங்களில் நான்கு முறை லீக் பட்டம் வென்றவர். 1997இல், முப்பது வயதில், ஆட்டத்தை விட்டார். மறு ஆண்டு ஆங்கிலப் படமொன்றில் பிரெஞ்சுத் தூதராகச் சிறு வேடம். வேலை பறிபோன நடுவயதுக்காரராக ஒரு தொலைக்காட்சித் தொடர் முழுவதையும் அவர் தாங்கி நின்றது 2020இல்தான். இடையில் 22 ஆண்டுகள். தம்பி வேடம் சிறியது என்று உங்கள் மகன் தயங்க வேண்டாம்.

தொலைக்காட்சி நிலையம் கால்டிகாட் குன்றில் இருந்த காலத்தில் நான் வசனம் எழுதிய நாடகத்தில் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் நடித்தார். தரையில் ஒட்டிய டேப் அடையாளத்துக்கு நடந்து வந்து நிற்க வேண்டும். புதியவர்கள் குனிந்து தேடுவார்கள், இல்லையென்றால் ஓரடி தள்ளி நிற்பார்கள். இவர் எட்டு முறை எடுத்தபோதும் தலை தாழ்த்தாமல் அதே இடத்தில் வந்து நின்றார். ஒளிப்பதிவாளர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

சாப்பாட்டு மேசைக் காட்சியில்தான் சிக்கல். அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவரோ இடத்தோள் பக்கம் ஒரு பார்வை, வலத்தோள் பக்கம் ஒரு பார்வை. பந்து வருமுன் சுற்றிப் பார்த்துக்கொள்ளும் மைதானப் பழக்கம் அது. கேமராவில் ஏதோ திருடிவிட்டு விழிப்பவர்போலத் தெரிந்தது. அம்மாவாக நடித்த மூத்த நடிகை சொன்னார்: “தம்பி, பந்து என்னிடம்தான் இருக்கிறது. என்னைப் பார்.” அடுத்த முறை அவர் பார்த்த பார்வையில், எழுதியிருந்த பதில் வசனத்தில் பாதியை நானே அடித்துவிட்டேன்.

இன்னொன்று, தமிழ். உடை மாற்றும் அறையில் ஆங்கிலமும் மலாயும் பேசிப் பழகிய நாக்குக்கு ழகரம் வழுக்கும். தினமும் தமிழ் முரசில் ஒரு செய்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். முழங்கால் விஷயத்தை முதல் நாளே இயக்குநரிடம் சொல்லிவிடட்டும். ஓடும் காட்சியை வாயை மூடிக்கொண்டு பத்து முறை ஓடிவிட்டு வீட்டில் ஐஸ் ஒத்தடம் கொடுப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. இங்கே நாடகத்தில் நடிப்பவர்கள் பலர் வேறு வேலையும் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கும் வாய்ப்பு வந்தால் அதையும் விட வேண்டாம்.

கேள்வி: ஆட்டக்காரர் என்றாலே அடியாள் வேடம்தானே தருகிறார்கள்?
— வாசகர், பிடோக்

பெரும்பாலும் அப்படித்தான், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1988இல் விம்பிள்டன் காற்பந்துக் குழுவோடு இங்கிலாந்தின் எஃப்ஏ கிண்ணம் வென்ற வின்னி ஜோன்ஸ், திரைக்கு வந்த பின் முரடர் வேடங்களிலேயே நெடுங்காலம் கழித்தார். 2024இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில்தான் ஒரு பண்ணைநிலத்தைக் காக்கும் நிதானமான மனிதராக அவரைப் பார்த்தேன், மனம் நிறைந்தது. நம் ஐ.எம். விஜயன், திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன், இந்திய அணித் தலைவரானவர். அவருடைய முதல் மலையாளப் படமான ‘சாந்தம்’, 2000ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. அதில் நண்பனைக் கொன்ற குற்ற உணர்வில் தவிக்கும் இளைஞன் அவர். தமிழில் ‘திமிரு’ அவருக்குக் கொடுத்தது அடியாள் வேடத்தை. இரண்டுக்கும் முகம் ஒன்றே.

கேள்வி: நீங்கள் காற்பந்து நாடகம் எழுதினால் யாருடைய கதை?
— வாசகர், உட்லண்ட்ஸ்

ஆர். சசிகுமார். 1998, ஹனோய், தென்கிழக்காசிய நாடுகள் மோதும் டைகர் கிண்ண இறுதியாட்டம். பந்து அவர் முதுகில் பட்டு வலைக்குள் போனது; சிங்கப்பூர் வியட்நாமை 1-0 என வென்றது. ஆனால் முதல் காட்சியை மைதானத்தில் வைக்கமாட்டேன். தொலைக்காட்சி முன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன தே தாரேக் தேநீரைக் கையிலேயே வைத்திருக்கும் ஒரு தகப்பனிடமிருந்து தொடங்குவேன்.