மாத்திரை மாறியதும் ஆளே சோர்ந்துவிட்டார்!

கேள்வி: என் மாமனாருக்கு 72 வயது. புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்கும் பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, அதோடு இரண்டு வருடமாக அபிராட்டெரோனும் பிரெட்னிசோலோனும் சாப்பிட்டு வந்தார். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு ஏறுகிறது என்று போன மாதம் என்சாலுடமைடுக்கு மாற்றினார்கள். அதிலிருந்து காலை டிபன் முடிந்ததுமே படுத்துவிடுகிறார், எழுந்தால் தள்ளாடுகிறார், சாப்பாடே இறங்கவில்லை. புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம் என்கிறார் என் கணவர். நிறுத்தலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம் அம்மா. அதேசமயம் அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, அந்த பிரெட்னிசோலோன் என்ன ஆயிற்று? புது மாத்திரை வந்தால் எல்லோரும் அதையே சந்தேகப்படுகிறோம், கூடவே நின்றுபோன பழைய மாத்திரையை யாரும் நினைப்பதில்லை. அபிராட்டெரோன் ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும்போது, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் உருவாகும் கார்ட்டிசோலையும், அதாவது உடம்பின் சொந்த ஸ்டீராய்டையும், குறைத்துவிடும், அதனால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதைச் சமாளிக்கத்தான் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. என்சாலுடமைடுக்கு அது தேவையில்லை என்பதால் பல சமயம் புதுச் சீட்டில் அது இருக்காது. ஆனால் இரண்டு வருடம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்த உடம்பில் அட்ரீனல் சோம்பிப்போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் அது உடனே வேலைக்குத் திரும்பாது. அப்போது வருவதும் இதே அசதி, பசியின்மை, குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல்தான். காலையில் எடுக்கும் கார்ட்டிசோல் ரத்தப் பரிசோதனை, சோடியம், பொட்டாசியம், படுத்தும் நின்றும் பார்க்கும் பி.பி., இவற்றில் ஓரளவு தெரிந்துவிடும். அதுதான் காரணம் என்றால் டாக்டர் ஸ்டீராய்டை மறுபடி கொடுத்து மெல்ல மெல்லக் குறைப்பார். இடையில் காய்ச்சலோ, விடாத வாந்தியோ, மயக்கமோ வந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய் "இரண்டு வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

அவருக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஸ்டீராய்டால் ஏறிய சர்க்கரைக்காக இன்சுலினையோ மாத்திரையையோ கூட்டியிருப்பார்கள், ஸ்டீராய்டு நின்றபின் அதே அளவு அதிகமாகி சர்க்கரை தாழ்ந்துபோகலாம். தள்ளாடும்போது குளுக்கோமீட்டரில் ஒருமுறை பாருங்கள்.

சரி, என்சாலுடமைடு மேல் தப்பே இல்லையா என்றால், இருக்கலாம். அசதி அதன் வழக்கமான பக்கவிளைவு, வயதானவர்களுக்குத் தடுமாற்றமும் மறதியும் வரும், அபூர்வமாக வலிப்பும் வரலாம். முன்பு வலிப்போ, பக்கவாதமோ, தலையில் பெரிய அடியோ இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஆறு நாள் போல ஆகும், ஆகவே இரண்டு நாள் நிறுத்திப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. தேவைப்பட்டால் தினமும் 160 மில்லிகிராம் என்பதை 120 அல்லது 80 ஆக டாக்டரே குறைப்பார், பலருக்கு அதிலேயே அசதி குறைகிறது. இது வேறு மருந்துகளின் வேலையையும் மாற்றும். அம்லோடிபின் போன்ற பி.பி. மாத்திரையின் பலன் குறையலாம், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினும் அப்படியே. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

அதுவரை அவர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் சிகிச்சையால் எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருக்கும், நோயும் எலும்பில் இருக்கிறது. ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும், சுவரில் ஒரு கைப்பிடி வையுங்கள், வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் புராஸ்டேட் புற்றுநோய். மூன்று மாத ஹார்மோன் ஊசிக்குப் பதிலாக டெகாரெலிக்ஸ் என்ற மாத ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். வயிற்றில் போட்ட இடம் சிவந்து, வீங்கி, கட்டியாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.
- வாசகர், சேலம்

பதில்: இந்த ஊசிக்கு இது அடிக்கடி வருவதுதான், பெரும்பாலும் முதல் தவணையில். முதல் நாள் 240 மில்லிகிராமை இரண்டு ஊசியாகப் பிரித்துப் போடுவார்கள், அடுத்த மாதத்திலிருந்து 80 மட்டுமே, அப்போது தொந்தரவும் குறையும். தேய்க்காதீர்கள், தைலம் போட வேண்டாம். வேட்டிக்கட்டு, பெல்ட், அரைஞாண் கயிறு அழுத்தும் இடத்தில் போட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லுங்கள், இதைப் பலர் கேட்பதே இல்லை. சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ உடனே காட்டுங்கள். பழைய ஊசி போல இது மூன்று மாதம் தாங்காது, அடுத்த ஊசி 28-வது நாள்.