ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு வழக்குப் போட முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. சில பற்கள் ஆடுகின்றன என்று பல் மருத்துவமனைக்குப் போனோம். மேலும் கீழும் எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டு, தாடைக்கு நான்கு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்து அன்றே நிலையான பல்வரிசை மாட்டிவிடலாம், வாழ்நாள் உத்தரவாதம் உண்டு என்றார்கள். செய்து 20 மாதம் ஆகிறது. கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் கழன்றுவிட்டன. கீழுதட்டின் இடப்பக்கம் அன்று முதல் மரத்தே கிடக்கிறது. எலும்பு ஒட்டு வைத்து மறுபடி செய்யத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். எதைக் கேட்டாலும் அம்மா கையெழுத்துப் போட்ட படிவத்தை நீட்டுகிறார்கள். பில் என் பெயரில் இருக்கிறது. வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் எதை வைத்துப் போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். இம்ப்ளான்ட் கழன்றது என்பது மட்டும் அலட்சியம் ஆகிவிடாது. நல்ல கைக்காரர் வைத்ததும் சில சமயம் எலும்போடு சேராமல் போகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அந்த ஆபத்து கூடும். எதிர்த்தரப்பு வாதத்தின் முதல் வரியே இதுவாகத்தான் இருக்கும். உங்கள் பலம் அறுவைக்கு முன்னால் நடந்தவற்றில் இருக்கிறது.

அந்தப் படிவத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'எல்லா விளைவுகளுக்கும் நானே பொறுப்பு' என்று பொதுவாக அச்சடித்திருந்தால், அது அவர்களைக் காப்பாற்றாது. பரிசோதனைக்குச் சம்மதித்த ஒரு பெண்ணின் கருப்பையையே எடுத்துவிட்ட சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள் ஆகியவற்றைச் சொன்ன பிறகு பெறுவதுதான் சம்மதம். உங்கள் அம்மாவிடம் உதடு மரத்துப் போகலாம் என்று சொன்னார்களா? ஆடாத பற்களை வைத்துக்கொள்ளும் வழி உண்டு என்று சொன்னார்களா? பிடுங்கிய நல்ல பல்லைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் இந்தக் கேள்வியை நான் முதலில் வைப்பேன்.

அடுத்தது ஸ்கேன். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடி, முன்கடைவாய்ப் பல் அருகே வெளியே வருகிறது. கீழுதட்டு உணர்வு அதன் வழியாகத்தான். நான்கு இம்ப்ளான்ட் முறையில் பின்பக்க இரண்டைச் சாய்த்து வைப்பதற்கு ஒரு காரணமே அந்த நரம்பை விட்டு விலகிப் போவதுதான். முன்கூட்டியே சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்து அளந்தார்களா, வெறும் தட்டை எக்ஸ்ரேயோடு துளை போட்டார்களா? இடப்பக்க இம்ப்ளான்டின் நுனி நரம்புக் குழாய்க்குள் நிற்பது படத்தில் தெரிந்தால், வழக்கு பாதி நிரூபணமான மாதிரி. ரத்தச் சர்க்கரையைச் சோதித்த பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆகவே இப்போதே, எழுத்துமூலமாக, எல்லாப் பதிவுகளையும் கேளுங்கள்: கேஸ் ஷீட், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்கள், படிவம், ஒவ்வொரு இம்ப்ளான்டின் நிறுவனப் பெயரும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும் உள்ள ஸ்டிக்கர். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வாழ்நாள் உத்தரவாதம் என்ற விளம்பரமோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அழிக்காதீர்கள்.

ஒன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். மறு அறுவைக்கு அங்கேயே ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய இம்ப்ளான்டை எடுத்து எலும்பு ஒட்டு வைத்துவிட்டால், எங்கே தவறு நடந்தது என்று காட்டும் சாட்சியமும் போய்விடும். அதற்காகச் சிகிச்சையையும் தள்ளிப்போட வேண்டாம். நரம்பு விஷயத்தில் தாமதம் கெடுதல், ஏற்கெனவே நிறைய நாள் போய்விட்டது. வேறொரு மருத்துவமனையில் வாய், முகம், தாடை அறுவை நிபுணரிடம் இந்த வாரமே காட்டுங்கள். புது ஸ்கேன் எடுக்கட்டும். உதட்டில் எந்த இடம் வரை உணர்வு இல்லை என்று சோதித்து எழுதித் தரட்டும். தாடையைச் சீரமைக்க என்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்குங்கள். நஷ்டஈட்டுத் தொகைக்கு அதுதான் அடிப்படை. வெறும் பணத்தைத் திருப்பித் தருகிறோம், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கொடுங்கள் என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். திருப்பித் தரும் கட்டணம் மறு சிகிச்சைக்குக் காணாது.

பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. பில் உங்கள் பெயரில் இருப்பது தடையல்ல. பணம் கொடுத்தவரும் நுகர்வோர், பயன்பெற்றவரும் நுகர்வோர். இருவரும் சேர்ந்தே புகார் கொடுங்கள். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். போலீஸ் புகார் இப்போதைக்கு வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி, மருத்துவர்மீது குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியத்தைக் காட்ட வேண்டும்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. இம்ப்ளான்ட் கழன்ற நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று நாம் வாதிடலாம், அவர்கள் அறுவை நாளிலிருந்து எண்ணுவார்கள். அந்தச் சண்டைக்கே இடம் கொடுக்காமல், அறுவை நாளிலிருந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள். கையில் இருப்பது நான்கு மாதம். வக்கீல் நோட்டீஸுக்கு 15 நாள் கொடுங்கள், பதில் வராவிட்டாலும் காத்திருக்காதீர்கள்.